ரேகை சொன்னதும் நான் எழுதியதும்



பத்து நாளாக நான் எதுவும் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. போன் செய்து விசாரித்தவர்களுக்கு நன்றி. மனசுக்குள் ஒரு விஷயம் கிடந்து உருண்டுகொண்டே இருந்தது. இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தேனியிலிருந்து என் தம்பி மகன் குடும்பத்தோடு உத்தமபாளையம் வீட்டுக்கு வந்தான். அவன் மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்பதுதான் இப்போது அந்த வீட்டில் காலையும் மாலையும் பேச்சு. காபி குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு பைலை எடுத்து என் மடியில் வைத்தான். வழவழப்பான தாள், நாற்பது பக்கத்துக்கு மேல், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படங்கள்.

"அத்தை, நீங்க சைக்காலஜி எல்லாம் படிச்சவங்க. இதைப் பாத்து ஒரு முடிவு சொல்லுங்க" என்றான்.

ஒரு மண்டபத்தில் கல்வி வழிகாட்டி முகாம் என்று போட்டிருந்தார்களாம். பிள்ளையின் பத்து விரல்களையும் கருவியில் வைத்து ரேகை எடுத்தார்களாம். ஒரு வாரத்தில் இந்த அறிக்கை வந்திருக்கிறது. ஆறாயிரம் ரூபாய். பிள்ளையின் மூளையில் இடது பக்கம் எத்தனை சதவீதம், வலது பக்கம் எத்தனை சதவீதம் என்று புள்ளி வைத்துத் தசமத்தில் போட்டிருந்தார்கள். தர்க்க அறிவு குறைவு. தலைமைப் பண்பு குறைவு. அறிவியல் துறைகள் பொருந்தாது. பொருந்தும் துறைகள் என்று உள் அலங்காரம், விளம்பரம் என நாலைந்து எழுதியிருந்தது.

நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு சயின்ஸ் வராதாம் டீச்சர் பாட்டி."

வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் "வராது" என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. "வராதாம்" என்றாள். யாரோ சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்ட குரல் அது. பதினைந்து வயதில்.

தம்பி மகன் சொன்னது பாதி உண்மை. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கல்வி உளவியல் ஒரு பாடம். எழுபதுகளின் கடைசியில் படித்தது. ஆளுமை என்றால் என்ன, அகமுகர் யார், புறமுகர் யார், ரோர்ஷாக்கின் மைத்தடச் சோதனை, படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லும் சோதனை எல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். ஒரு சோதனையையும் கண்ணால் பார்த்ததில்லை. ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதினோம், தேர்ச்சி பெற்றோம். இப்போது ஓய்வில்தான் மகன் வாங்கிக்கொடுத்த டேப்பில் இதையெல்லாம் நிதானமாகப் படிக்கிறேன்.

முதலில் ரேகை. விரல் ரேகை தாயின் வயிற்றில் ஆறு மாதம் ஆவதற்குள் உருவாகிவிடும். பிறகு சாகும்வரை மாறாது. அதனால்தான் ஆதாருக்கும் ரேஷன் கடைக்கும் அது உதவுகிறது. இவர் இன்னார் என்று சொல்ல ரேகை போதும். இவர் இயற்பியலில் தேறுவாரா என்று சொல்ல அதனால் முடியாது. இந்திய மனநல மருத்துவர் சங்கமே இந்த ரேகைச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. அந்த அறிக்கையில் ஹோவர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்க உளவியலாளரின் பெயரையும் போட்டிருந்தார்கள். அறிவு ஒன்றல்ல, பல வகை என்று 1983-ல் புத்தகம் எழுதியவர் அவர். அவருடைய கோட்பாட்டில் விரல் ரேகைக்கு இடமே இல்லை.

இதைச் சொன்னதும் தம்பி மகனின் மனைவி விடவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க. ஒரு பக்கம் படிச்சுப் பாருங்க, அப்படியே எங்க பிள்ளைய உரிச்சு வச்ச மாதிரி இருக்கு" என்று பன்னிரண்டாம் பக்கத்தைக் காட்டினாள். வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில சமயம் கவலைப்படுவார், நெருங்கியவர்களிடம் மட்டும் மனம் திறப்பார், இவரது திறமையில் ஒரு பகுதி இன்னும் வெளிப்படவில்லை, இப்படிப் பத்து வரி.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவருக்கு எழுபது வயது. "அக்கா, உங்களப் பத்தி ஒருத்தர் கணிச்சு எழுதியிருக்காரு, வாசிக்கிறேன் கேளுங்க" என்று அதே பத்து வரியையும் வாசித்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருடி அந்த மகராசன்? என் மனச அப்படியே எழுதியிருக்காரே" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். தம்பி மகன் மட்டும் சிரிக்கவில்லை. ஆறாயிரம் ரூபாய் கொடுத்தவன் அல்லவா.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1948-ல் பெர்ட்ரம் போரர் என்ற பேராசிரியர் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவு கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நாலுக்கு மேலே வந்தது. பிறகுதான் சொன்னார், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள் என்று. அதில் இருந்த வரிகளை அவர் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். நம் ஊர் சந்தையில் கிளி எடுத்துக் கொடுக்கும் அட்டையும் இதைத்தானே செய்கிறது? கிளிக்காரர் அம்மாவாசைக்கு அம்மாவாசை பத்து ரூபாய் வாங்குகிறார், பிள்ளையின் குரூப்பில் கை வைப்பதில்லை.

எல்லாச் சோதனையும் இப்படி வெறும் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர், "எங்க கம்பெனில சேரும்போதே ஆளுமைச் சோதனை உண்டு டீச்சர்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அவற்றில் நாலெழுத்துப் பட்டம் கொடுக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை எல்லோருக்கும் தெரியும். ஒரு தாயும் மகளும் சேர்ந்து உருவாக்கியது. மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கிறது. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வந்துவிடுகிறது. ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

ஆராய்ச்சியாளர்கள் கொஞ்சம் மதிப்பது வேறொன்று. மனிதரின் குணத்தை ஐந்து பெரிய கூறுகளாகப் பார்ப்பது அது. அதில் ஒன்று பொறுப்புணர்வு. எடுத்த காரியத்தை ஒழுங்காக, நேரத்தோடு முடிக்கும் குணம். 1991-ல் மர்ரி பேரிக், மைக்கேல் மவுண்ட் என்ற இருவர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எந்த வேலையாக இருந்தாலும் பொறுப்புணர்வு அதிகமுள்ளவர்கள் சற்று நன்றாகச் செய்கிறார்கள் என்று தெரிந்தது. 'சற்று' என்ற சொல்லைக் கவனியுங்கள். கணக்குப் படித்தவர்களுக்கு: ஒட்டுறவுக் கெழு 0.2-க்குப் பக்கம். அதாவது வேலைத்திறனில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கை இது சொல்லும். மீதிப் பத்தொன்பது பங்கு வேறு எங்கோ இருக்கிறது.

ஆயிரம் பேரை எடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு அந்த ஒரு பங்கும் லாபம்தான். ஆனால் ஒரே ஒரு பிள்ளையை முன்னால் நிறுத்தி, "நீ தேறுவாய், நீ தேறமாட்டாய்" என்று சொல்ல அது போதாது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பெரியாற்று அணைக்குத் தண்ணீர் கொண்டுவரும் என்று சொல்வது வேறு. நாளை மதியம் என் மொட்டை மாடியில் காயும் வடகம் நனையுமா என்பது வேறு.

நம் நாட்டில் ஆளுமையை மிகவும் அக்கறையாகச் சோதிப்பது ராணுவ அதிகாரித் தேர்வில்தான். ஐந்து நாள் நடக்கும். படத்தை முப்பது வினாடி காட்டி நாலு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். ஒரு சொல்லைக் காட்டிப் பதினைந்து வினாடியில் ஒரு வாக்கியம், அப்படி அறுபது சொல். ஆனால் அதோடு விட்டுவிடுவதில்லை. ஒருவர் நேர்காணல் செய்கிறார், இன்னொருவர் வெளியே மைதானத்தில் குழுவாக வேலை கொடுத்துப் பார்க்கிறார். மனம், வாக்கு, செயல் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று கடைசியில் கூடிப் பேசுகிறார்கள். என்னிடம் படித்த ஒரு பையன் இரண்டு முறை போய்த் திரும்பி, மூன்றாம் முறை தேர்வானான். "மூணு தடவையும் போனது நான்தான் டீச்சர். முதல் ரெண்டு தடவ இங்கிலீஷ்ல பேசப் பயந்துக்கிட்டு வாயே திறக்கல" என்றான். அவ்வளவு பேர் அவ்வளவு நாள் பார்த்தும், பயத்துக்குப் பின்னால் இருந்த ஆளைப் பார்க்க மூன்றாம் முறை தேவைப்பட்டிருக்கிறது.

இதெல்லாம் ஊரார் கதை. மனசில் உருண்டுகொண்டிருந்தது என் கதை.

தேனி தனி மாவட்டம் ஆவதற்கு முன், நான் ஏழாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த வருஷம். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். காலை முதல் பாடவேளையில் தினமும் தூங்கி விழுவான். யாரிடமும் பேச மாட்டான். வீட்டுப்பாடம் பாதி நாள் இருக்காது. மணி அடித்தால் முதல் ஆளாக ஓடுவான். வகுப்பில் வேறு ஐம்பது பிள்ளைகள். வருஷக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் திரள் பதிவேடு நிரப்ப வேண்டும். அதில் ஆளுமைப் பண்புகள் என்று ஒரு கட்டம். நான் படித்த கல்வி உளவியலை அங்கே இறக்கி வைத்தேன். "அகமுகன். ஊக்கம் குறைவு. பொறுப்புணர்வு இல்லை." என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மூன்று வரியையும் அழகாக எழுதினேன்.

அடுத்த ஆண்டு ஆசிரியர் அதைப் படித்தார். அவனைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். உதவித்தொகைத் தேர்வுக்குப் பெயர் அனுப்பும்போது அவன் பெயர் இல்லை. "டீச்சரே எழுதியிருக்காங்களே" என்று என்னிடமே சொன்னார். நானும் தலையாட்டினேன். அந்தத் தேர்வு எழுதியிருந்தால் அவன் பெற்றிருப்பானா என்பது எனக்குத் தெரியாது. எழுதவே விடவில்லை என்பது தெரியும். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

பல வருஷம் கழித்து, நான் ஓய்வுபெற்ற பிறகு, கம்பத்தில் ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். காலைத் தொட்டுக் கும்பிட்டான். ஜீப் வைத்திருக்கிறான். விடியற்காலை கம்பம் மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் இறக்கிவிடும் வேலை. யார் எத்தனை நாள் வந்தார்கள், யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தது எல்லாம் நோட்டில்லாமல் தலையிலேயே வைத்திருக்கிறான். தங்கை நர்ஸாக இருக்கிறாள், தம்பியைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தேன் என்றான்.

பேச்சுவாக்கில் சின்ன வயசுக் கதை வந்தது. அவன் அம்மாவும் அப்பாவும் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போனவர்கள். இருட்டு விலகும் முன் ஜீப் வந்துவிடும். நாலு மணிக்கு எழுந்து தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, கஞ்சி வைத்து, தங்கையைக் குளிப்பாட்டித் தலை சீவி, தம்பியைப் பால்வாடியில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு வருவானாம். பால்வாடி விடும் நேரத்துக்கு ஓட வேண்டும். அதுதான் மணி அடித்ததும் அந்த ஓட்டம்.

நான் சாப்பாட்டு இலை முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "ஏன்டா அப்பவே சொல்லல?" என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டே சொன்னான்: "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் டீச்சர்."

அவன் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் சுடுகிறது. பதிவேட்டில் என்ன எழுதினேன் என்று அவனுக்கு அன்றும் தெரியாது, கல்யாண வீட்டிலும் நான் சொல்லவில்லை. அதற்குத் துணிச்சல் வரவில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு குடும்பத்தைத் தூக்கிச் சுமந்தவனைப் பற்றி "பொறுப்புணர்வு இல்லை" என்று எழுதியிருக்கிறேன். உலகத்து ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் எந்தக் குணத்தை மெச்சுகிறார்களோ, அந்தக் குணம் அவனிடம் வகுப்பில் வேறு யாரிடமும் இல்லாத அளவு இருந்தது. நான் பார்த்த இடத்தில் அது இல்லை. அது அவன் வீட்டு அடுப்படியில் இருந்தது.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் வால்டர் மிஷல் என்பவர் சின்னக் குழந்தைகளுக்கு ஒரு சோதனை வைத்தார். முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்று உலகமெல்லாம் பேசினார்கள். 2018-ல் டைலர் வாட்ஸ் என்பவரும் அவர் குழுவும் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள். குடும்பத்தின் நிலைமையையும் கணக்கில் சேர்த்தால் அந்தக் காத்திருப்புக்கு இருந்த மகிமை பெருமளவு குறைந்துவிட்டது. ஏலத்தோட்டத்துக்குப் போகும் தாய் "வரும்போது வாங்கிட்டு வர்றேன்டா" என்று சொல்லிவிட்டுப் போய், கூலி கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பிய வீட்டில் வளர்ந்த பிள்ளை, கையில் கிடைத்த மிட்டாயை உடனே சாப்பிடத்தான் செய்யும். அதைப் புலனடக்கம் இல்லாத பிள்ளை என்று எழுதினால் அது அந்த வீட்டைப் பற்றி எழுதியதுதான்.

எழுதியது அதோடு நிற்பதும் இல்லை. ராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் என்ற இருவர் ஒரு பள்ளியில் குருட்டாம்போக்கில் சில பிள்ளைகளின் பெயரைப் பொறுக்கி, இவர்கள் இந்த வருஷம் திடீரென்று முன்னேறுவார்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தார்கள். சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் நிஜமாகவே மற்றவர்களைவிட முன்னேறினார்கள் என்று 1968-ல் புத்தகம் போட்டார்கள். அந்த ஆய்வில் குறை சொன்னவர்களும் உண்டு, விளைவு அவர்கள் சொன்ன அளவு பெரிதில்லை என்கிறார்கள். இருக்கட்டும். ஒரு வரியால் ஒரு பெயர் பட்டியலில் விடுபட்டதை நான் என் பள்ளியிலேயே பார்த்தேன். எனக்கு அந்த ஒரு சாட்சி போதும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பையனிடம் கேட்காத கேள்வியை இந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "உனக்கு என்னடா படிக்கணும்?" என்று. அப்பாவைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அம்மாவின் போனை எடுத்து வந்து படங்களைக் காட்டினாள். சுருளிப்பட்டிப் பக்கம் என் தம்பிக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. லீவுக்குத் தாத்தா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பந்தலில் நோய் விழுந்த இலைகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். எந்த இலை சாம்பல் நோய், எது அடிச்சாம்பல், கவாத்து செய்து எத்தனையாவது நாள், அதற்கு முந்தின வாரம் மழை உண்டா என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறிப்பு. யாரும் செய்யச் சொல்லவில்லை. யாரும் மார்க் போடவில்லை.

"இதெல்லாம் எதுக்கு எடுத்த?" என்றேன்.

"மழை பெஞ்சு எத்தன நாள்ல வருதுன்னு பாத்தேன் பாட்டி. தெரிஞ்சா தாத்தா அதுக்கு முன்னாடியே மருந்து அடிக்கலாம்ல" என்றாள்.

தர்க்க அறிவு குறைவு என்று அச்சடித்த தாள் பக்கத்திலேயே கிடந்தது.

இதனால் அவள் பெரிய விஞ்ஞானி ஆவாள் என்று நான் எழுத மாட்டேன். அப்படி எழுதினால் நானும் ரேகை பார்த்தவள் ஆகிவிடுவேன். அறிவியலில் அவள் வாங்கிய மார்க் சுமார்தான். கணக்கு இன்னும் கஷ்டம். முதல் குரூப் எடுத்தால் திணறலாம். அதையும் அவளிடமே சொன்னேன். "தெரியும் பாட்டி, டியூஷன் வேணும்" என்றாள். தன்னைப் பற்றி அவ்வளவு தெளிவாகச் சொல்லும் பிள்ளைக்கு நாற்பது பக்கம் எதற்கு?

தம்பி மகன் போகும்போது பைலை எடுத்துக்கொண்டுதான் போனான். "யோசிக்கிறேன் அத்தை" என்றான். நாளை மறுநாள் சேர்க்கை. என்ன முடிவெடுப்பான் என்று எனக்குத் தெரியாது. டேய், இதை நீ படிப்பாய். பணத்தை விடு, நான் பதிவேட்டில் விட்டதைவிட அது சின்னது. பிள்ளை தோற்றால் அவள் ஆசைப்பட்டு முயன்று தோற்றதாக இருக்கட்டும். இரண்டு வருஷம் கழித்து அவளிடம் நீ "நான் உன்னைக் கேட்கவே இல்லையே" என்று சொல்லும்படி ஆகக் கூடாது. அது எவ்வளவு கனமான வார்த்தை என்று எனக்குத் தெரியும்.

என் மாணவர்களில் இருபது பேருக்கு மேல் இன்று ஆசிரியர்கள். சிலர் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். சோதனை வைக்க வேண்டியிருந்தால் வையுங்கள். வந்த முடிவை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு அந்த ஆளிடம் பேசத் தொடங்குங்கள். தூங்குகிற பிள்ளையிடம் "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்த, காலைல எத்தனை மணிக்கு எந்திரிச்ச?" என்று கேட்க அரை நிமிடம் போதும். முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்த எனக்கு அந்த அரை நிமிடம் அன்று கிடைக்கவில்லை.

ஜீப் ஓட்டும் என் பிள்ளைக்கு இந்தப் பதிவு யார் மூலமாவது போய்ச் சேரும். தம்பி, அந்த மூன்று வரியை எழுதியது நான்தான். கல்யாண வீட்டில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. நேரிலும் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
உத்தமபாளையம்